விருப்பப் பட்டியலை யார் எழுதுவது? ஏஐ-யிடம் கேட்க மூன்று வழிகள்

போன வருடம் கோபியில், அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பக் கல்லூரிப் பட்டியல் போட்டோம். கட் ஆஃப் 200-க்கு 178. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி வருகிற அந்த ஒரு எண்ணை வைத்து நான்கு வருடப் படிப்பை முடிவு செய்ய வேண்டும். கையில் ஏஐ உதவியாளர் இருந்தது. அதனிடம் மூன்று விதமாகப் போனோம்.

முதலில் நேராகவே கேட்டோம்: “178-க்கு எங்கெங்கே போடலாம்?” சில நொடிகளில் இருபது வரிப் பட்டியல் வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. “அப்படியே ஏத்தீரலாமா கண்ணு?” என்றாள் அக்கா. பிள்ளையும் தலையாட்டினாள். ஏழாவது வரி ஏன் எட்டாவதுக்கு மேலே இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

பட்டியலில் அதைவிடப் பெரிய கோளாறும் இருந்தது. எளிதாகக் கிடைக்கிற கல்லூரிகள் மேலே, கடினமானவை கீழே. நம் கலந்தாய்வுக்கு அது தலைகீழ். தரவரிசைப்படி நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, இடம் காலியாக இருக்கிற முதல் வரியைத்தான் ஒதுக்குவார்கள். ஆசைப்பட்ட கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியை (ஜி.சி.டி.) முதல் வரியில் போட்டால் ஒரு நட்டமும் இல்லை. கீழே போட்டால், மேலே உள்ளது கிடைத்த மறுநொடியே ஆசை முடிந்தது. சரளமாக எழுதியிருந்ததால் சரிபார்க்கவே எங்களுக்குத் தோன்றவில்லை. 2025-ல் மைக்ரோசாஃப்ட், கார்னகி மெலன் ஆய்வாளர்கள் ஏஐ-யை வேலையில் பயன்படுத்துகிற 319 பேரிடம் கேட்டபோது, அதன் மீது நம்பிக்கை கூடியவர்கள் தாங்களே யோசித்துப் பார்த்தது குறைவு என்று தெரிந்தது. அன்று அந்தத் திண்ணையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அடுத்து, “பதில் சொல்லாதே, முடிவெடுக்கத் தேவையானதை ஒவ்வொரு கேள்வியாகக் கேள்” என்றோம். இது நல்ல வழி. ஹாஸ்டல் செலவு எவ்வளவு முடியும், கோடிங் எழுதிப் பார்த்ததுண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தது. “கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்பது யாருடைய விருப்பம்?” என்றபோது பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஆனால் எதைக் கேட்பது என்பதை இங்கேயும் அதுதான் முடிவு செய்கிறது. சித்தோட்டு அரசு பொறியியல் கல்லூரியில், ஊருக்குள் இன்னும் ஐ.ஆர்.டி.டி. என்றுதான் சொல்வோம், அங்கே படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனிடம் அவள் அப்பா கேட்டதை அது கேட்கவே இல்லை: “லேப் முடிஞ்சு வந்தா கவுந்தப்பாடி வழி பஸ்ஸுல நிக்க எடமிருக்குதா தம்பி?”

மூன்றாவது வழிதான் என் தேர்வு. போனை உள்ளே வைத்துவிட்டு, ரஃப் நோட்டில் அவளே எழுதினாள். ஒன்றரை மணி நேரம், பதினான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அரை வரிக் காரணம். அடித்து, திருத்தி, ஒரு பக்கத்தைக் கிழித்தே போட்டாள். அப்புறம்தான் அதை ஏஐ-யிடம் கொடுத்து “ஓட்டை எங்கே?” என்று கேட்டோம். ஒன்பதாவது வரிக்கு எழுதிய காரணமும் நான்காவது வரிக்கு எழுதியதும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று சரியாகப் பிடித்தது. இன்னொரு வரியில் “பிரியா போறா” என்று மட்டும் இருந்ததையும் காட்டியது. அந்த வரியை அவளே கீழே இறக்கினாள்.

இந்த வழி கசக்கும். 2021-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், ஏஐ சொல்வதைப் பார்க்கும் முன் சொந்தமாக முடிவெடுக்க வைப்பது போன்ற முறைகளைச் சோதித்தார்கள். அதன் தவறான பதிலில் விழுவது குறைந்தது; ஆனால் அந்த முறைகளை மக்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிள்ளை பக்கத்தைக் கிழித்ததைப் பார்த்த எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

எந்த வழியில் போனாலும் நம் சாய்வை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. “கோவை ஹாஸ்டல்தானே நல்லது?” என்றோம், ஆமாம் என்று ஆறு காரணம் கொடுத்தது. புது உரையாடல் திறந்து “வீட்டிலிருந்து பெருந்துறைக்குப் போய்வருவதுதானே நல்லது?” என்றோம், அதற்கும் ஆறு. கல்லூரிகளின் முந்தைய வருட கட் ஆஃப் எண்களுக்கு அதை நம்பவே வேண்டாம். தந்த எண்களில் சில, கலந்தாய்வின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருந்தவற்றோடு ஒத்துவரவில்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபோது அவளுக்குக் கிடைத்தது ஐந்தாவது வரி. அப்படியே ஏற்பதா, மேலே உள்ளது காலியானால் அதற்குப் போவதா என்று சொல்ல இரண்டே நாள். அக்கா போனை எடுத்து நீட்டினாள். பிள்ளை உள்ளே போய் ரஃப் நோட்டை எடுத்துவந்து, முதல் நான்கு வரிகளின் காரணங்களைத் தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள்.