ஐடிலில் வண்டி ஆடுகிறதா: ஸ்கேனரா, ஸ்ப்ரேயா, புகையா?

சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓட நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், ஆர்பிஎம் முள் 700-க்கும் 950-க்கும் நடுவே ஏறி இறங்கும், கிளம்பி ஓட்ட ஆரம்பித்தால் ஒன்றுமே தெரியாது. இதைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார்கள். என் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கும் அதுதான் நடந்தது: நாலு பிளக், ஒரு காயில், த்ராட்டில் பாடி கிளீனிங், ஆறாயிரத்துச் சொச்சம் பில், மறுநாள் காலை பழைய ஆட்டம் அப்படியே. பிளக் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், அது தனிக் கணக்கு. ஆனால் பாகத்தை மாற்றி மாற்றி நோயைக் கண்டுபிடிப்பது, சாவி எது என்று தெரியாமல் பூட்டை உடைப்பது மாதிரி.

என் வண்டியில் பிரச்சினை பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று, அதாவது லீன். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் எரிப்பு சரியாக அமையும். ஐடிலில் த்ராட்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் வழியின் கதவு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் விரிசல் விட்ட ஹோஸ் வழியாக நுழையும் திருட்டுக் காற்று பெரிய பங்காகிவிடும். 80-இல் போகும்போது அதே ஓட்டை பொருட்டே இல்லை. நிற்கும்போது மட்டும் ஆடுவது அதனால்தான்.

கண்டுபிடிக்க மூன்று வழி. முதலாவது ஸ்கேனர், காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், மிச்சத்தை போன் பார்த்துக்கொள்ளும். பி0171 (கலவை லீன்) என்று கோட் வந்ததும் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள்; அந்த சென்சார் பெரும்பாலும் சேதி சொல்கிற ஆள், குற்றவாளி இல்லை. (எக்ஸாஸ்டில் அதற்கு முன்னால் ஓட்டை இருந்தால் மட்டும் வெளிக்காற்றைப் பார்த்துப் பொய் சொல்லும்.) அந்தக் கோட் எண்ணைவிட ஃப்யூல் ட்ரிம்தான் முக்கியம், அதாவது கலவையைச் சரிசெய்ய ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். ஐடிலில் +20, 2,500 ஆர்பிஎம்மில் +4 என்றால் ஏர் லீக். ஐடிலில் சாதாரணமாக இருந்து, மேட்டில் மிதிக்கும்போது +18 போனால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கான மாஃப் (காற்றளவு) சென்சார் பக்கம் பாருங்கள்.

இங்கேதான் நான் ஒரு வாரம் ஏமாந்தேன். மேலே சொன்ன கணக்கு, காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் அப்படியே பொருந்தும். நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். அது மேனிஃபோல்டுக்குள் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்த் தொகுதி) இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கிறது, திருட்டுக் காற்றும் அந்த அழுத்தத்தைக் கூட்டுவதால் ஈசியூ தானாகவே பெட்ரோலையும் கூட்டிவிடுகிறது, ட்ரிம் பெரிதாக ஏறாது. எனக்கு ட்ரிம் +6-தான் காட்டியது, நானும் லீக் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதே திரையில் காலை ஐடிலில் மேப் 43 கிலோபாஸ்கல் என்று நின்றுகொண்டிருந்தது. வண்டி நன்றாக இருந்த காலத்தில் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் 32. கண்ணுக்கு முன்னால் இருந்தும் பார்க்கவில்லை. அப்புறம், ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஆக்சிஜன் சென்சார் சூடாகும்வரை ட்ரிம் வேலையே செய்யாது, என்னுடையதைப் போலக் காலையில் மட்டும் ஆடுகிற வண்டிக்கு அந்த எண் உதவாது.

அடுத்தது கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. ஓடும் என்ஜினில் ஹோஸ் மூட்டுகள், இன்டேக் பேக்கிங் ஓரம், இன்ஜெக்டர் அடி என்று குட்டிக் குட்டியாக அடித்து, ஆர்பிஎம் மாறும் இடத்தில் நிறுத்துவது. இருநூறு முந்நூறு ரூபாய் வேலை, கைக்கு எட்டும் லீக்குக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் சூட்டில் பட்டால் தீப்பிடிக்கும், பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் செய்யாதீர்கள். பயமாக இருந்தால் தண்ணீர் ஸ்ப்ரே போதும். ஓட்டையைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும், சத்தம் மாறும். எனக்கு இரண்டுமே ஒன்றும் காட்டவில்லை. காரணம், நான் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து சூடான என்ஜினில் அடித்தேன்.

கடைசியில் புகை டெஸ்ட். ராத்திரி வண்டியைப் பட்டறையிலேயே விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல், ஏர் ஃபில்டர் குழாயை அடைத்து, ஒரு பிஎஸ்ஐ அளவு மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே விட்டார்கள். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மெக்கானிக் அண்ணன் டார்ச்சை மேனிஃபோல்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தார். நாலாவது சிலிண்டர் பக்கம், ஊதுபத்தி முனையில் எழுவதுபோல ஒரு நூல் புகை. ரப்பர் பேக்கிங் இறுகிப்போய் குளிரில் சுருங்கி வழிவிட்டிருக்கிறது, சூடானதும் உப்பி மூடிக்கொண்டிருக்கிறது. புகையும் எல்லாம் அறிந்ததில்லை: திறந்திருக்கும் வால்வு வழியாக சைலன்சரில் வந்தால் அது லீக் இல்லை, உள்ளுக்குள்ளேயே திறந்து மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வு (டாங்க் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடுவது) வெளியே புகை காட்டாமலும் போகலாம். பர்ஜ் வால்வைச் சோதிக்கக் காசே வேண்டாம், ஐடிலில் அதன் ஹோஸைக் கிள்ளிப் பிடியுங்கள், ஆட்டம் நின்றால் அதுதான்.

மாஃப் வண்டியென்றால் நான் ஸ்கேனரும் ஸ்ப்ரேயும் போதும் என்பேன். மேப் வண்டி, அதிலும் காலைக் குளிரில் மட்டும் ஆடுவதென்றால், மேப் எண்ணைப் பார்த்துவிட்டு நேராகப் புகைக்குப் போய்விடுங்கள், வண்டி ஆறியிருக்கும்போது. எனக்குப் புகைக்கு 1,200, பேக்கிங் செட்டுக்கு 450. இப்போது காலையில் மேப் 33. ட்ரிம் மட்டும் இன்னும் +5-இலேயே நிற்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 இல்லை, 13.5 பக்கம்தான் கணக்கு, அதனால் பழைய வண்டியில் அந்தக் கொஞ்ச ஏற்றத்தை லீக் என்று நினைத்து மறுபடி எதையும் கழற்றப் போவதில்லை.