குழந்தைக்கும் ஃபாஸ்ட் டிராக் பாஸ் எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள்

சின்னக் குழந்தையோடு பெரிய தீம் பார்க் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையில் நிற்காமல் ரைடுக்குள் போக விடும் ஃபாஸ்ட் டிராக் பாஸைக் குழந்தைக்கும் சேர்த்து யாராவது விற்க வந்தால், அதில் எந்தெந்த ரைடு அடங்கும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவரால் விற்றிருக்க முடியாது.

நாங்கள் வாங்கியது பார்க்கிடம் இல்லை, இடையில் டிக்கெட் விற்கும் ஒரு ஏஜென்சியிடம். நுழைவு டிக்கெட், ஃபாஸ்ட் டிராக் எல்லாம் சேர்த்து 'குடும்பப் பேக்கேஜ்' என்று வைத்திருந்தார்கள். பணம் கட்டும் முன்பே போன் செய்து கேட்டேன். "பாப்பாவுக்கு மூன்றரை வயசுதான். அவளுக்கும் இந்தப் பாஸ் வேணுமா?"

"கண்டிப்பா வேணும் மேடம். இல்லன்னா பாப்பாவை மட்டும் பொது வரிசையில நிக்கச் சொல்லுவாங்க."

மூன்றரை வயதுக் குழந்தை எப்படித் தனியாக வரிசையில் நிற்கும் என்று கேட்டேன். "அதுக்குத்தான் மேடம் எடுத்துடுங்கன்னு சொல்றேன்" என்றார். இந்தப் பதிலுக்கு மேல் என்ன கேட்பது!

பார்க்கில் முதல் ரைடின் வாசலிலேயே உயரம் அளக்கும் கம்பம் நின்றது. பாப்பா ஆசையாகப் போய் ஒட்டி நின்றாள். 96 சென்டிமீட்டர். அங்கே வேண்டியது 102. ஊழியர் தன்மையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. எங்கள் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிற எந்த ரைடுலயும் பாப்பா ஏற முடியாதே, இவங்களுக்கு ஏன் எடுத்தீங்க?" என்று என்னையே கேட்டார். பாஸில் இருந்த ரைடுகள் எல்லாமே 102 அல்லது அதற்கு மேல். அவள் ஏறக்கூடிய குதிரை ராட்டினம், மெதுவாகப் போகும் படகு, குட்டி ரயில் எதுவும் பாஸிலேயே இல்லை. அவற்றுக்குப் பொது வரிசைதான். அதாவது, பாஸ் செல்லும் இடத்தில் குழந்தைக்கு அனுமதி இல்லை, குழந்தைக்கு அனுமதி உள்ள இடத்தில் பாஸ் செல்லாது.

விற்றவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் 95, 96 சென்டிமீட்டர். நான்கு வயதில்தான் 103 அளவுக்கு வரும். வேகமான ரைடுகளுக்குப் பல இடங்களில் 102-இல் தொடங்கித்தான் கோடு போட்டிருக்கிறார்கள். புளோரிடா டிஸ்னியில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டருக்கு 112 சென்டிமீட்டர், அதே பெயரில் கலிஃபோர்னியாவில் இருப்பதற்கு 102. பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், போகிற பார்க்கின் பட்டியலைப் பாருங்கள். டிக்கெட்டை வயதை வைத்து விற்பார்கள், ரைடில் உயரத்தை வைத்து ஏற்றுவார்கள். இந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அந்தக் கம்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரைடில் உட்கார்ந்தவரின் மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி ஒரு குறிப்பிட்ட உடல் அளவை வைத்துச் செய்யப்பட்டது. குட்டி உடம்பு அதன் கீழே வழுக்கிவிடும். தடித்த சோல் வைத்த ஷூ போட்டுக் கூட்டிப் போங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்த விஷயத்தில். அதே ஊழியர் சொல்லித்தான் தெரிந்தது: குழந்தையோடு வருகிறவர்களுக்கென்று ஒரு வசதி அங்கே இலவசமாகவே இருக்கிறது. அப்பா ரைடில் போய் வரும்வரை அம்மா குழந்தையோடு காத்திருக்கலாம், அவர் வந்ததும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் அம்மா போகலாம். டிஸ்னியில் இதற்கு ரைடர் ஸ்விட்ச் என்றும், யுனிவர்சல் பார்க்கில் சைல்ட் ஸ்வாப் என்றும் பெயர். ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் போதும். ஏஜென்சி அனுப்பிய அத்தனை வண்ண விளம்பரங்களிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, பாப்பாவின் பாஸுக்காவது பணம் திரும்பக் கிடைக்குமா என்று விருந்தினர் சேவை மையத்துக்குப் போனோம். "எங்ககிட்ட வாங்கலை, அதனால நாங்க எதுவும் செய்ய முடியாது, வித்தவங்களைக் கேளுங்க." விற்றவரைக் கேட்டால், "டிக்கெட் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று பதில். நுழைவுக்கும் பாஸுக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் குறியீடு கொடுத்திருந்தார்கள். வாசலில் ஸ்கேன் செய்தவுடனே மொத்தமும் பயன்படுத்தியதாகக் கணக்கு. கம்பத்துக்கு அருகில்கூடப் போவதற்கு முன்பே பணம் போய்விட்டிருக்கிறது. பேக்கேஜாக வாங்க நேர்ந்தால், நுழைவுக்குத் தனிக் குறியீடு, பாஸுக்குத் தனிக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எங்கள் டிக்கெட் உள்ளே போகவாவது செல்லுபடியானது. அதுகூட இல்லாமல் வாசலில் நிற்கிறவர்கள் உண்டு. இது நேற்று வந்த தொல்லையும் இல்லை. 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்த அன்றே போலி அழைப்புச் சீட்டோடு கூட்டம் உள்ளே புகுந்தது. இப்போதும் பல நாள் டிக்கெட்டில் ஒன்றிரண்டு நாளைப் பயன்படுத்திவிட்டு மீதியை மலிவாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். புளோரிடா டிஸ்னியில் டிக்கெட்டை விரல் ஸ்கேனோடு இணைத்துவிடுவதால், வேறொருவர் டிக்கெட்டை வாங்கியவர் வாசலிலேயே மாட்டிக்கொள்வார். விலை குறைவு என்று யாராவது கை நீட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், இலவச வயது எது என்பதையும் இடைத்தரகரிடம் கேட்காதீர்கள். புளோரிடாவில் மூன்று வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம், டோக்கியோ டிஸ்னியில் மூன்று வயதுக் குழந்தைக்கும் வேண்டாம், நான்கிலிருந்துதான். சில பார்க்குகளில் நுழைவு டிக்கெட்டே உயரக் கணக்கில்தான். வீட்டிலேயே ஷூ இல்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்துவிட்டு, பார்க்கின் சொந்தத் தளத்தில் உயரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் குழந்தை ஏறக்கூடியவற்றில் எத்தனை அந்தப் பாஸில் வருகிறது என்று எண்ணினாலே முடிவு தெரிந்துவிடும்.

பாப்பாவுக்கு இதெல்லாம் ஒன்றுமே தெரியாது. குட்டி ரயிலிலிருந்து இறங்க மறுத்து அழுததுதான் அவளுக்கு அன்றைய ஒரே வருத்தம்.

பணம் கார்டில் கட்டியதால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமாகத் திரும்பப் பெறும் வழி, கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். பாஸில் உள்ள ரைடுகளின் பெயர், பார்க் தளத்தில் இருக்கும் உயர அளவு இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன். 'பாப்பாவுக்கும் கண்டிப்பாக வேண்டும்' என்று போனில் சொன்னதை விற்றவர் வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பியிருந்தார், அதையும் சேர்த்துவிட்டேன். ஏஜென்சி இன்னும் பதில் போடவில்லை. வங்கி என்ன முடிவு சொன்னாலும் வந்து எழுதுகிறேன்.