கேட்டில்மேன் தொப்பியும் கெட்டில் ஆவியும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஃபெல்ட் என்பது உரோமத்தை நெய்யாமல் பிணைத்துச் செய்யும் கெட்டியான பொருள். அதில் செய்த தொப்பி தரமானதா என்பதை விலைச்சீட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டினால் தெரிந்துவிடும். ஆவி பட்டதும் முரண்டு பிடிக்காமல் இளக வேண்டும், விரல் அழுத்திய இடத்தில் வளைய வேண்டும், ஆறியதும் அதே வடிவத்தில் உறுதியாக நிற்க வேண்டும். மழையும் வியர்வையும் கண்ட பிறகு அடுத்த வருடமும் அதே போல இளகி, அதே போல நிற்க வேண்டும். ஆஸ்திரேலிய நிறுவனமான அகுப்ராவின் கேட்டில்மேன் என்ற மாதிரித் தொப்பி என்னிடம் இருக்கிறது; அது இதில் இன்றுவரை தேறி வருகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது.

நான் வேலை செய்வது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நாரப்ரை பக்கத்துப் பருத்தி வயல்களில். மண் மாதிரி எடுப்பது, பாசனம் பார்ப்பது என்று பகல் முழுவதும் வெட்டவெளியில்தான். இந்த நாட்டில் தொப்பியை யாரும் அலங்காரமாக நினைப்பதில்லை. 1981இல் தோல் புற்றுநோய்க்கு எதிராகத் தொடங்கிய புகழ்பெற்ற பிரச்சாரம், சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை மாட்டு என்று மூன்றே கட்டளைகளில் விஷயத்தைச் சொல்லிவிட்டது. விளிம்பு குறைந்தது 7.5 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது புற்றுநோய்த் தடுப்பு அமைப்பின் பரிந்துரை. கிரிக்கெட் தொப்பி முகத்துக்கு மட்டும் நிழல் தரும். காதும் பின்கழுத்தும் வெந்து போகும்.

இங்கே வந்த புதிதில் அணிந்தது ஒரு கம்பளி ஃபெல்ட் தொப்பி. வாங்கிய அன்று பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு கோடை மழையில் நன்றாக நனைந்து காய்ந்ததும் நெற்றியை இறுக்கத் தொடங்கியது. விளிம்பு அலை அலையாக நெளிந்தது. ஆவியில் காட்டிச் சரிசெய்தால் அன்று மட்டும் நிமிர்ந்து நிற்கும், மறுநாள் வெயிலில் பழைய நெளிவு திரும்பிவிடும். எல்லாக் கம்பளி ஃபெல்ட்டும் மட்டம் என்று சொல்லமாட்டேன். எப்போதாவது நகரத்தில் அணிய அது போதும். மழையிலும் வியர்வையிலும் தினமும் உழைக்க முயல் உரோம ஃபெல்ட்தான் சரி.

அகுப்ராவின் அடிப்படை அந்த முயல் உரோமம்தான். 1859இல் விக்டோரியாவில் வேட்டைக்காக அவிழ்த்துவிடப்பட்ட முயல்கள் பல்கிப் பெருகிக் கண்டத்தையே மொட்டையடித்தன. 1874இல் டாஸ்மேனியாவுக்கு வந்து தொப்பித் தொழில் தொடங்கிய பெஞ்சமின் டங்கர்லி, முயல் உரோமத்தின் முரட்டு நுனிகளை இயந்திரத்தால் நீக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அடியில் இருக்கும் மென்மையான உரோமம்தான் ஃபெல்ட்டுக்கு உகந்தது. அகுப்ரா என்ற வணிகப் பெயர் 1912இல் பதிவானது. தொழிற்சாலை 1974இல் கெம்ப்சி ஊருக்கு இடம் மாறியது. ஆஸ்திரேலிய ராணுவத்தின் ஒரு பக்கம் மடித்த தொப்பியையும் இவர்கள் செய்திருக்கிறார்கள். நிறுவனம் 2023இல் கைமாறியது. என் தொப்பி அதற்கு முன்பே வாங்கியது என்பதால் புதிய சரக்கைப் பற்றி நான் பேசவில்லை.

ஆவி ஏன் வேலை செய்கிறது என்பது புரிந்தால் கையாளும் முறை தானாகப் பிடிபடும். ஃபெல்ட் நெய்த துணி அல்ல. உரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன; வெந்நீர், அழுத்தம், அசைவு மூன்றும் சேரும்போது செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு பின்னிப் பிணைகின்றன. துளையிட்ட பெரிய கூம்பின் மேல் உரோமத்தை ஊதிப் படியவைத்து, வெந்நீரில் திரும்பத் திரும்பச் சுருக்கித்தான் தொப்பியின் கச்சா உருவத்தைக் கொண்டுவருவார்கள். விறைப்புக்காக மரபாக ஏற்றுவது அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். சூட்டில் இழை தளரும், அரக்கும் இளகும். ஆறினால் இரண்டும் இறுகும். ஃபெல்ட்டை வளைப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். இந்தத் தொழிலுக்குக் கறுப்புப் பக்கமும் உண்டு. உரோமம் எளிதில் பிணைவதற்காக முன்பு பாதரச உப்பைப் பூசினார்கள். அதன் நஞ்சேறி, அமெரிக்காவின் டான்பரி நகரத் தொழிலாளர்கள் கைகால் நடுக்கத்தோடு வாழ்ந்து மடிந்தார்கள். 1941இல்தான் அங்கே அதற்குத் தடை வந்தது. பழங்காலத் தொப்பிகளைப் போற்றிச் சேகரிப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி கெட்டில் பக்கம் வருவோம். முதலில் தொப்பியைத் தூசி போகத் துலக்க வேண்டும். தூசியோடு ஆவி காட்டினால் அழுக்கு இழைக்குள் ஊறிக் கறையாகிவிடும். அடுத்து, உள்ளே நெற்றியில் படும் தோல் வாரை முழுவதும் வெளியே மடித்துவிட வேண்டும். ஆவி தோலுக்கு எதிரி. சுருங்கிவிட்டால் தொப்பியின் அளவே போய்விடும். கெட்டிலின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொப்பியைப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் விரல் நுனியில் மாற்றம் தெரியும். வெற்றிலைக் காம்பு போல விறைப்பாக இருந்த ஃபெல்ட், ஈரமாகாமலே துவளும். அதுதான் பதம். சொட்டுச் சொட்டாக நீர் கோர்த்தால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே விலக்கிவிட வேண்டும்.

உச்சியின் நடுக்குழிவை உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்துவேன். பிறகு முன்பக்கத்தில் இரு பள்ளங்கள். இவற்றைக் கட்டைவிரல் சதையால் அழுத்த வேண்டும், நகம் படக்கூடாது, பட்டால் பிறை வடிவத் தழும்பு நின்றுவிடும். அழுத்தியதும் கையை எடுக்காமல், சூடு அடங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். விளிம்புக்கு வேறு கணக்கு. ஆவி காட்டி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். கேட்டில்மேன் விளிம்பு முன்னும் பின்னும் தாழ்ந்து வரும்; எனக்குக் கண்ணுக்கு மேல் இன்னும் கொஞ்சம் தாழ்வு வேண்டும், மாலை வெயிலில் வரப்பைப் பார்த்து நடக்க அதுவே வசதி. அமைத்த வளைவு பிடிக்கவில்லையா, மறுபடி ஆவி காட்டித் தட்டையாக்கினால் ஃபெல்ட் பழைய பாடத்தை மறந்துவிடும். உரோம ஃபெல்ட்டின் இந்தக் குணம் எனக்கு எப்போதும் வியப்புதான்.

தலையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். என் தலை நீள்வட்டம். நெற்றியில் இறுக்கும், இரு பக்கப் பொட்டிலும் இடைவெளி விடும் தொப்பிகளே எனக்கு அதிகம் வாய்த்தன. அளவு எண்ணைக் கூட்டினால் காற்றில் பறக்கும். டாம்வர்த் நகரத்தில் ஒரு தொப்பிக் கடைக்காரர் உட்புறம் லேசாக ஆவி காட்டி, இருபுறமும் திருகு வைத்து விரியும் மரக்கட்டையை முன்பின்னாகப் பொருத்தி இரவு முழுவதும் வைத்திருந்தார். மறுநாளிலிருந்து நெற்றியில் சிவந்த கோடு விழவில்லை. அப்படி நீட்டும்போது விளிம்பின் வளைவும் மாறும். அதையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்தார். நல்ல கடைக்கு இதுவே அடையாளம்.

கடையில் தரம் பார்க்கும்போது நான் முதலில் போவது விளிம்பின் ஓரத்துக்கு. பட்டி வைத்துத் தைக்காத ஓரமானால் வெட்டுமுகம் நன்றாகத் தெரியும்: அடுக்கு பிரியாமல், ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும். அடுத்து விளிம்பை விரலால் சுற்றித் தடவினால் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரக்கூடாது. மேற்பரப்பை மணல் தாளால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். விரலுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும், கம்பளிப் போர்வையின் சொரசொரப்பு வரக்கூடாது. மெல்ல வளைத்துவிட்டால் சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். மொறுமொறுவென்று ஒலித்தால், ஃபெல்ட்டின் பலவீனத்தை மறைக்கப் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்வார் தோலா, அது தைக்கப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்றும் பாருங்கள். ஒட்டியது வியர்வையில் பிரியும்.

அமெரிக்கத் தொப்பிகளில் 4எக்ஸ், 6எக்ஸ் என்று குறி இருக்கும். எண் ஏற ஏற பீவர் என்ற நீர்வாழ் விலங்கினுடையது போன்ற உயர்ந்த உரோமம் கூடுகிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பிடவே முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொப்பிகளுக்கு இடையே வேண்டுமானால் அது உதவும்.

வருடங்கள் ஓடியதில் என் தொப்பியின் அடர்பழுப்பு உச்சியில் வெளிறிவிட்டது. நாடாவை ஒட்டி உப்பு பூத்த கோடு நிரந்தரமாகிவிட்டது. ஃபெல்ட் எங்கும் பொத்தல் விழவில்லை, உச்சியைக் கிள்ளித் தூக்கும் இடத்திலும் வெடிப்பில்லை. எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குகிறேன், கீழே வைத்தால் தலைகீழாகவே வைக்கிறேன். நனைந்தால் உள்வாரை வெளியே திருப்பி, அதன் மேல் நிறுத்தி, நிழலில் காயவிடுகிறேன். அடுப்புச் சூடோ வெயிலோ காட்டுவதில்லை. கோடையில் காருக்குள் விட்டுவிட்டுப் போவது இந்த ஊரில் தொப்பியைக் கொல்வதற்குச் சமம். மழைத்துளிப் புள்ளிகளுக்கு லேசான ஆவியும் மென்மையான தூரிகையும் போதும். அலமாரியில் வைக்கும்போது அந்துப்பூச்சி பற்றிக் கவனம் தேவை; உரோம ஃபெல்ட்டை அதன் புழு மேய்ந்துவிட்டால் எந்த ஆவியாலும் மீட்க முடியாது.

குறைகளும் உண்டு. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் உள்ளே புழுக்கம் தாங்காது. வடக்கே ஈரப்பதம் மிகுந்த டார்வின் நகரப் பக்கம் வேலை என்றால் வைக்கோல் தொப்பியே வாங்குங்கள். விலையும் கணிசம், 200 டாலருக்கு மேல் போகும். வயல்காற்றில் பிடித்து நிறுத்தத் தாடைக் கயிறு தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது உள்வாரின் நெற்றிப் பகுதி தடித்து வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஃபெல்ட்டுக்கு முன் தோல் போவது இயல்புதான். பருத்தி அறுவடை முடிந்ததும் டாம்வர்த்தில் கொடுத்துப் புதிய வார் தைக்கச் சொல்லப் போகிறேன். புதுத் தொப்பி வாங்கும் எண்ணம் இல்லை.