நன்றாக உழைக்கும் டேப்லெட், பொய் சொல்லும் திரை

என்னிடம் இருக்கும் அதே பத்து அங்குல டேப்லெட் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டபோது தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். என் டேப்லெட் 2017 இறுதியில் வாங்கியது. ஆண்ட்ராய்டு 7-உடன் வந்தது. ராம், சேமிப்பு, கேமரா விவரமெல்லாம் எங்கு தேடினாலும் கிடைக்கும். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் டேப்லெட் விற்ற பல நிறுவனங்களும் இப்படித்தான் நடந்துகொண்டன.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைப் போல உழைத்த மின்னணுப் பொருள் எங்கள் வீட்டில் வேறு இல்லை. நாங்கள் இருப்பது கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்தில். உப்புக்காற்று இங்கே எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி உப்பிப் பெயர்ந்துவிடும். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் தகடு பொடிப்பொடியாக உதிரும். டி.வி. போர்டு போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால் தெருவில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இந்தக் காற்றில்தான், வாசல் திண்ணையில், பெரும்பாலும் அப்பாவின் மடியில், இந்த டேப்லெட் இத்தனை ஆண்டும் கிடந்தது.

சென்ற மாதம் சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. லாரன்ஸ் ரோடு பக்கம் இருக்கும் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி ஓரங்களைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து, பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். சார்ஜிங் பின்னின் உள்ளே செம்புப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தது. பேட்டரி ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. ஆனால் மெயின் போர்டைப் பார்த்ததும் அவரே வியந்தார். உப்பு ஏறிய அடையாளம் எங்குமே இல்லை. திருகாணிகள்கூடப் பளபளப்பு மாறாமல் இருந்தன. “சார், இப்போது வருகிற மாடல்களில்கூட உள்ளே இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை” என்றார். பின்னை மாற்றி, புதுப் பேட்டரி போட்டு, மறுநாள் கொடுத்துவிட்டார். இப்போது காலையில் சார்ஜ் போட்டால் இரவு வரை நிற்கிறது.

திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. புதிய போன்களின் திரை அவருக்குக் கூசுகிறது. இந்தத் திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டால் எழுத்து தெளிவாக இருக்கும், கண்ணும் உறுத்தாது. ஒலியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருப்பதால், தவில் இரைச்சலாகாமல், நாயனம் கீச்சிடாமல் கேட்கும். மெமரி கார்டு போட இடம் உண்டு, இயர்போன் துளையும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வெள்ளமாக வந்தது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் வீட்டில் கடைசி வரை அணையாமல் இருந்தது இந்த டேப்லெட்தான். அப்பா மெமரி கார்டில் இருந்த கச்சேரிகளைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஒரு பொருளிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்?

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

அமைப்புகளுக்குள் போய், ‘டேப்லெட்டைப் பற்றி’ என்பதைத் திறந்தால் இரண்டு வரிகள் தெரியும். ஆண்ட்ராய்டு பதிப்பு 8. பாதுகாப்புப் பேட்ச் (திருத்தம்) நிலை 2019 ஆகஸ்ட் 1. அதற்கு மேலே புதுப்பிப்பைச் சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் ஒரு வட்டம் சற்று நேரம் சுற்றும். பிறகு பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறியுடன் பதில் வரும்: ‘உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது.’

இந்த ஒரு வரியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2019-க்குப் பிறகு ஒரு திருத்தமும் வராத இயந்திரம் அது. ‘இந்த மாடலுக்கு நாங்கள் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டோம்’ என்று எழுத ஒரு வரி போதும். அந்த வரியை எழுதாமல், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சைக் குறி போட்டுக் காட்டுகிறார்கள். அப்பா அதை நம்பினார். வங்கியிலிருந்தோ மின்வாரியத்திலிருந்தோ வந்ததாகச் சொல்லி ஏதாவது போலிச் செய்தி வந்தால், “டேப்லெட்டை அப்டேட் செய்துதானே வைத்திருக்கிறேன்” என்பார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பொத்தானை அழுத்திப் பார்த்து, திரையில் வந்ததைப் படித்து, அதை நம்பியிருக்கிறார். அவரை ஏமாற்றியது எந்தத் திருடனும் அல்ல, பொருளைச் செய்து விற்ற நிறுவனமே.

புதுப்பிப்பு நின்றால் என்ன ஆகிவிடும் என்று நண்பர் கேட்டார். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் உள்ள மோசம். செயலிகள் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுவதால், அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டு அமைப்பு நின்றுபோனது வெளியே தெரிவதில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கதவடைக்கும். எங்கள் வீட்டில் முதலில் போனது வங்கிச் செயலி. ‘இந்தச் சாதனத்தில் இனி இயங்காது’ என்று நேராகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது உண்மையைச் சொன்னது. அடுத்து, தங்கை பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசும் செயலி போனது. 2025 ஆகஸ்டில் குரோம் பிரவுசரின் 139-ஆம் பதிப்பு வந்தபோது, அதற்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும் என்றாகிவிட்டது. 8-க்கும் 9-க்கும் 138-தான் கடைசி. இது பிரவுசரோடு முடிகிற விஷயம் அல்ல. ஆண்ட்ராய்டு 7 முதல் 9 வரை, மற்றச் செயலிகளுக்குள் திறக்கும் இணையப் பக்கங்களைக் காட்டுவதும் அதே குரோம்தான். ஆகவே செய்திச் செயலிக்குள் ஒரு இணைப்பைத் தொட்டாலும் இனித் திருத்தம் வராத கருவியின் வழியாகவே பார்க்கிறோம்.

திருத்தம் என்றால் அழகுக்காகச் செய்வது என்று பலரும் நினைக்கிறார்கள். 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. விஷமமாகத் தயாரித்த ஒரு வீடியோ செய்தி வந்து சேர்ந்தாலே சில போன்களுக்குள் புக முடியும் என்று தெரிந்தபோதுதான், மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கம் ஆண்ட்ராய்டில் தொடங்கியது. அந்தத் திருத்தங்கள் கூகுளிடமிருந்து இன்றும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் எந்த ஓட்டையை அடைத்தோம் என்ற பட்டியல் எல்லோரும் பார்க்க வெளியாகிறது. திருடனும் அதைப் படிப்பான். 2019-இல் நின்றுபோன டேப்லெட்டில் அந்தப் பட்டியலில் உள்ள ஓட்டைகளில் எத்தனையோ அப்படியே திறந்து கிடக்கின்றன.

ஏன் நிறுத்தினார்கள்? இதில் நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டு நேராக நம் கைக்கு வருவதில்லை. சிப் செய்த நிறுவனம் தன் சிப்புக்கு ஏற்ற அடிப்படை மென்பொருளைத் தர வேண்டும். அதன் மேல் டேப்லெட் நிறுவனம் தன் வேலையைச் செய்து, சோதித்து, அனுப்ப வேண்டும். சிப்காரர் கைவிட்டால் டேப்லெட்காரருக்குச் செலவு பல மடங்கு ஏறும். இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் ஆண்ட்ராய்டு 8-இல் டிரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, சிப் சார்ந்த பகுதியையும் மேலே உள்ள அமைப்பையும் பிரித்தார்கள். ஆனால் அது 8-உடன் சந்தைக்கு வந்த சாதனங்களுக்குத்தான் கட்டாயம். 7-உடன் வந்து பிறகு 8-க்கு ஏறியவற்றுக்கு அல்ல. எங்கள் டேப்லெட் அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு பதிப்பு ஏற்றமும் சில காலத் திருத்தமும் அன்றைய வழக்கத்துக்குக் குறைச்சல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆண்ட்ராய்டிலேயே, 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு புதுப்பிப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். விலை உயர்ந்தவை அவை, சரி. எங்கள் டேப்லெட்டையும் யாரும் சும்மா கொடுக்கவில்லை.

அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். லினியேஜ் ஓஎஸ் ஏற்றிவிடலாம் மாமா என்று ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தான். தன்னார்வலர்கள் பழைய சாதனங்களுக்குப் புது ஆண்ட்ராய்டைத் தயாரித்துத் தருவது பெரிய தொண்டு; அவர்களுக்கு என் மரியாதை. ஆனால் எங்கள் மாடலின் பூட்லோடரை, அதாவது தொடங்கும்போது எந்த அமைப்பை ஏற்றலாம் என்று முடிவு செய்யும் பூட்டை, திறக்க நிறுவனம் வழி வைக்கவில்லை. தானும் பராமரிக்க மாட்டேன், பிறரையும் விடமாட்டேன் என்றால் அந்தப் பொருள் யாருடையது? பணம் கொடுத்தது நாங்கள், ரசீது எங்கள் பெயரில் இருக்கிறது, பூட்டின் சாவி மட்டும் அவர்களிடம்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். புதுப்பிப்பு கேட்கவில்லை, அந்தப் பச்சைக் குறியை எடுத்துவிட்டு உண்மையை எழுதுங்கள் என்று மட்டும் கேட்டேன். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில் மறுபடி வந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. மாத்திரை அட்டையில் காலாவதி மாதம் அச்சிட்டிருப்பது போல, பெட்டியின் மேல் ‘இந்த மாதம் வரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம்’ என்று ஒரு வரி வேண்டும். நம் நாட்டில் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் எண் எல்லாம் அச்சிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தத் தேதி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருளுக்குக் குறைந்தது எதுவரை பாதுகாப்புத் திருத்தம் என்பதைத் தயாரிப்பவர் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், போனோ டேப்லெட்டோ, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு தர வேண்டும். நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது மொபைல் போனையும் மின்னணுப் பொருள்களையும் அதில் சேர்த்தது. பேட்டரியும் பின்னும் கிடைப்பது மட்டும் போதாது, மென்பொருளும் பழுதுபார்ப்பில் சேர்த்தி என்பதை அங்கே யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும். லாரன்ஸ் ரோடு தம்பி தன் பங்கைச் சுத்தமாகச் செய்துவிட்டார். மீதி வேலையைச் செய்யக்கூடியவர் நிறுவனம் மட்டும்தான்.

தேதி தெரிந்தால் மனிதர்கள் சமாளித்துக்கொள்வார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடியும் என்பது முன்பே அறிவித்த தேதி. மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கணினிகள் விண்டோஸ் 11-க்கு ஏறாது என்று தெரிந்ததும் திட்டித் தீர்த்தார். ஆனாலும் பணம் சேர்த்து ஒன்றொன்றாக மாற்றினார். எங்களுக்கு அந்த அவகாசத்தைக்கூட யாரும் தரவில்லை.

இப்போது டேப்லெட்டை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். வைஃபை கடவுச்சொல்லை அதிலிருந்து நீக்கிவிட்டேன். அப்பாவின் மின்னஞ்சல் கணக்கையும் வெளியேற்றிவிட்டேன். கச்சேரிகளையும் பி.டி.எஃப். புத்தகங்களையும் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையை அருமையாகச் செய்கிறது.

அதே நிறுவனத்தின் புது டேப்லெட் இப்போது நல்ல விலைக்கு இறங்கியிருக்கிறது. அவர்களைப் போலக் கட்டுறுதியாக யாரும் செய்வதில்லை என்பதை இந்தக் கடலோரத்தில் இருந்துகொண்டு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அப்படியிருந்தும் வாங்கப் போவதில்லை. அப்பாவுக்கு அடுத்த டேப்லெட் வேறு நிறுவனத்துடையது. திரையும் ஒலியும் ஒரு படி கீழேதான். ஆனால் எந்த ஆண்டு வரை திருத்தம் வரும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.