பழைய ஜீப் செரோக்கிக்கு ஹீற்றர் கோர் மாற்றம்: ஸ்காபரோ கராஜ் ஒன்றின் வேலை எப்படி?

ஹீற்றர் கோர் என்பது டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய றேடியேற்றர். எஞ்சினில் சூடேறிய கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அதன் மெல்லிய குழாய்களுக்குள் ஓட, அதை ஊடுருவி வரும் காற்றுத்தான் நம் காலுக்கும் முன்கண்ணாடிக்கும் சூடாக வந்து சேர்கிறது. அந்தப் பாகத்தின் விலை நூறு டொலருக்குள் அடங்கிவிடும். ஆனால் 1999ஆம் ஆண்டு செரோக்கியில் அதை எட்டுவதற்கு டாஷ்போட்டையே கழற்ற வேண்டும் என்பதால், நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கழற்றிப் பூட்டுகிறவரின் பொறுமைக்கே போகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழர் ஒருவர் நடத்தும் இந்தச் சிறிய கராஜை அந்த அளவுகோலை வைத்தே மதிப்பிடுகிறேன்.

முன்கண்ணாடியின் உட்புறத்தில் எத்தனை முறை துடைத்தாலும் திரும்பப் படியும் பிசுக்கு, ஹீற்றரைப் போட்டதும் எழும் தித்திப்பான வாசனை, முன் பயணியின் காலடிக் கம்பளத்தில் ஈரம் ஆகியவையே கோர் ஒழுகுவதற்கு என் வாகனம் காட்டிய அறிகுறிகள். முதலில் காட்டிய வேறோர் இடத்தில், எஞ்சின் பக்கமுள்ள இரண்டு ஹீற்றர் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரை ஒதுக்கிவிடலாம் என்றார்கள். கோடைக்கு அது போதும். ஜனவரிக் குளிரில் கண்ணாடியின் பனிப்படலத்தை விலக்கச் சூடான காற்று இல்லாமல் ரொறன்ரோவில் வண்டி ஓட்ட முடியாது. ஒழுக்கை அடைக்கும் மருந்தை றேடியேற்றரில் ஊற்றலாம் என்ற ஆலோசனையும் வந்தது. ஒழுக்கை அடைக்கும் அதே மருந்து கோரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடக்கூடும் என்பதால் அதையும் தவிர்த்தேன்.

இந்தக் கராஜில் முதலில் கம்பளத்தைத் தூக்கி, கீழே தேங்கியிருந்ததை விரல்களால் தேய்த்துப் பார்த்தார் மெக்கானிக். “அண்ணை, ஏசித் தண்ணியெண்டால் இப்பிடி வழுக்காது” என்றார். ஏசியின் வடிகுழாய் அடைபட்டாலும் அதே இடம்தான் நனையும் என்பதால் இந்தச் சோதனை அவசியமானது. பிறகு றேடியேற்றரில் அழுத்தமானியைப் பூட்டிக் காற்றடித்து, முள் மெல்ல இறங்குவதை எனக்கும் காட்டினார். கூலன்றில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாய் பூனைகள் நக்கிவிடும், வீட்டில் வாகனம் நிற்கும் இடத்தைக் கழுவிவிடுங்கள் என்று அவராகவே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

செரோக்கியில் ஹீற்றர் கோரும் ஏசியில் காற்றைக் குளிராக்கும் பாகமான எவாப்பரேற்றரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், அதை வெளியே எடுப்பதற்கு முன் ஏசியின் குளிர்வாயுவான ஆர்-134ஏயை இயந்திரத்தால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வாயுவைக் கையாளத் தனிச் சான்றிதழ் தேவை. இங்கே அது சுவரில் தொங்குகிறது. பற்றரியைக் கழற்றி, காற்றுப்பைகளின் மின்சுற்றில் எஞ்சிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்த பிறகே டாஷ்போட்டில் கைவைத்தார்கள். இந்த மொடலில் காற்று காலுக்கா முகத்துக்கா என்று திசைமாற்றுவது எஞ்சினின் வெற்றிட அழுத்தம். அதைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்கள் வயதானால் நொறுங்கும், நொறுங்கினால் காற்று முன்கண்ணாடிக்கு மட்டுமே போகும். டாஷ்போட்டைத் திறந்த கையோடு அவற்றின் இணைப்புகளையும் மாற்றினார்கள். என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு காரியம்: பழைய கோரைச் சுற்றியிருந்த பஞ்சுப்பட்டை தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது, அளவெடுத்துப் புதிதாக வெட்டி ஒட்டினார்கள். அது இல்லாவிட்டால் காற்று கோருக்குள் புகாமல் ஓரத்தால் நழுவி, புதுப் பாகம் பூட்டியும் சூடு போதாமல் இருக்கும். கூலன்றின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்ராற் திரும்ப மூடாமல் திறந்தபடி நின்றுவிட்டால் அதுவும் அதே குறையைத் தரும் என்பதால், 195 டிகிரி பரனைற்றில் திறக்கும் புதியதொன்றையும் போடச் செய்தேன்.

கூலி மணிக்கு 110 டொலர், ஒன்பது மணி நேரம். பாகங்கள், கூலன்ற், ஏசி வாயு, 13 சதவீத வரி எல்லாம் சேர்த்து 1,486 டொலர். எழுத்தில் தந்த மதிப்பீட்டைச் சிறிது தாண்டியது. ஆனாலும் ஒன்ராறியோச் சட்டம் அனுமதிக்கும் 10 சதவீத வரம்புக்குள்ளேயே நின்றது.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வேலை முடியவில்லை, அதை அவர்கள் தொலைபேசியில் அறிவிக்கவும் இல்லை. கையுறைப் பெட்டியின் பக்கம் மேடுபள்ளத்தில் ஒரு கிறீச்சொலி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. புதிய கோர் வந்த பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த ‘ஆயுட்கால உத்தரவாதம்’ கோருக்கு மட்டுமே, கூலிக்கு அல்ல என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டில் அது ஒழுகினால் கோர் இலவசமாகக் கிடைக்கும், டாஷ்போட்டைக் கழற்றும் செலவு மறுபடியும் நம்முடையதாகவே இருக்கும். கூலிக்கும் சேர்த்துச் சட்டப்படி உள்ள உத்தரவாதம் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

ஆயினும் இந்த வேலைக்கு இவர்களை நம்பி அனுப்பலாம். அனுப்புமுன் வாகனத்தின் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் இந்தச் செலவு வீண். வேலைக்கான நாளைச் செப்டெம்பரிலேயே பதிவுசெய்துவிடுங்கள். நவம்பரில் பனி டயர் மாற்ற வருகிறவர்களால் கராஜ் நிரம்பி, இப்படி நாள்கணக்கில் இடத்தை அடைக்கும் வாகனத்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.