கோத்தகிரி மழைக்கு ஜாபிக்ஸா, ப்ரோமிதியஸா?

ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் உபுண்டு சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. பச்சை இலை எடைக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அதில்தான். சர்வர் கோத்தகிரிக்கு அந்தப் பக்கம், நான் குன்னூரில். அதைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முதலில் ப்ரோமிதியஸ் என்ற மென்பொருள் போட்டேன். ஒரு ஐப்பசி போனதும் ஜாபிக்ஸ் என்ற இன்னொன்றுக்கு மாறிவிட்டேன்.

நிறுவ எளிது ப்ரோமிதியஸ்தான். சர்வரின் நிலவரத்தை எண்களாகத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரை ஓடவிட்டால் 9100 போர்ட்டில் எண்கள் கொட்டும். கிராஃப் வரையும் கிராஃபானா சேர்த்தால் பார்க்கவும் அழகு. ஜாபிக்ஸுக்கு டேட்டாபேஸ், பிஎச்பி, டெம்ப்ளேட் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. இரண்டும் இலவசம்.

என்னை மாற வைத்தது இன்டர்நெட் லைன். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் கரண்ட்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும். ப்ரோமிதியஸ் தானே போய் எண்களைக் கேட்டு வாங்கும் ரகம். என்னுடையது வெளியே வாடகைக்கு எடுத்த விபிஎஸ் என்ற இன்டர்நெட் சர்வரில் ஓடியது. லைன் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது? ஒரு ராத்திரி சர்வர் அணைந்துபோனது. "மெஷின்தான் சார் கோளாறு" என்றார்கள் ஃபேக்டரியில். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை கிராஃப் வெறுமையாகக் கிடந்தது.

ஜாபிக்ஸில், கண்காணிக்கும் மெஷினிலேயே ஓடும் ஏஜென்ட் 2 என்ற புரோகிராம் ஆக்டிவ் முறையில் எண்களைத் தானாகவே அனுப்பும். பெர்சிஸ்டென்ட் பஃபரை இயக்கினால், அனுப்ப முடியாததை டிஸ்கில் எழுதி வைத்து, லைன் வந்ததும் அந்தந்த நேரத்தோடு தள்ளிவிடும். இயல்பான வரம்பு 1 மணி நேரம்தான். நான் 3 நாளாக்கினேன். யுபிஎஸ் சார்ஜையும் அதிலேயே சேர்த்தேன். அடுத்த முறை லைன் வந்தபோது கிராஃப் கண்ணெதிரே நிரம்பியது: 100ல் இருந்த பேட்டரி 25 நிமிஷத்தில் படுத்திருந்தது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரி மாற்றினார்கள், அதோடு சரி.

ப்ரோமிதியஸிலும் எண்களை வேறிடத்துக்கு அனுப்பும் ரிமோட் ரைட் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் மறுமுனை 2 மணி நேரத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் அனுப்பாத எண்கள் போய்விடும். எங்களுக்கு அது போதாது. ப்ரோமிதியஸை அந்த சர்வரிலேயே வைத்தால் எண்கள் தங்கும், மெஷின் எரிந்தால் அதுவும் கூடவே போகும். 50 மெஷின், கன்டெய்னர் என்று ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அந்த அளவில் நான் ஓட்டியதில்லை.

ஜாபிக்ஸிலும் ஒரு தொல்லை இருக்கிறது. லைன் அறுந்த நேரத்து எச்சரிக்கையும் எண்களோடு சேர்ந்து தாமதமாகத்தான் வரும். ராத்திரி 7 மணிக்குத் தீர்ந்த பேட்டரிக்கு மறுநாள் மத்தியானம் டெலிகிராமில் மணி அடிக்கும். அதற்கு நான் கண்ட வழி, மழை பிடித்தால் ஃபேக்டரி வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு போன். டவர் இருந்தால்.