ஜிபிஎஸ் உடுப்பா, பத்துக்கு எத்தனை என்ற கேள்வியா?

பதினைந்து வயதுக் கால்பந்துப் பையன்களின் பயிற்சிச் சுமையை அளக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே கருவி வைத்த ஜிபிஎஸ் உடுப்பு ஒரு வழி. ஓடிய தூரம், வேகம் எல்லாம் சொல்லும், உள்ளரங்கில் திணறும். விலையும் அதிகம்.

இன்னொன்று, அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய செஷன் ஆர்பிஇ, அதாவது பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஆடியவனே தரும் மதிப்பெண். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தம்பி, பத்துக்கு எத்தனை?" என்று கேட்பது. 90 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால், இரண்டையும் பெருக்கிச் சுமை 540. பேப்பரும் பேனாவும் போதும். பரீட்சைக்குக் கண்விழித்தவனுக்கு அதே ஓட்டம் 8 ஆகலாம். ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியாது. என்ன, பக்கத்தில் நிற்பவன் 4 என்றால் இவனும் 4 என்பான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பள்ளி அணி என்றால் நான் கேள்வியையே எடுப்பேன். காசுள்ள அகாடமி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: ஓடிய தூரம் அதே, எண் மட்டும் ஏறுகிறது என்றால் பையனை விசாரிக்க வேண்டும்.